கருங்கல்லா, சுண்ணக்கல்லா, மணலா: குள்ளர் நாட்டை எந்தப் பற்றில் தொடங்குவது?

குறும்பொறை நாடு முழுக்க முழுக்கக் கற்பனை. நாலடிக் குள்ளர்கள் வாழும் இந்தத் தேசம், மேசையைச் சுற்றி நாலைந்து பேர் இருந்து பகடை உருட்டி ஆடும் கதையாட்டத்துக்காகக் கட்டப்பட்டது. மிகுபுனைவு நாவல் எழுத நினைப்பவருக்கும் பயன்படும். நாட்டில் மூன்று பற்றுகள் உண்டு. கிழக்கிலங்கையில் மண்முனைப்பற்று, கோறளைப்பற்று என்று சொல்லிப் பழகிய எங்கள் வாய்க்கு மாகாணம் என்பதைவிடப் பற்று என்பதுதான் ஒட்டும். கரும்பாறைப்பற்றுக்கு அச்சு, அதாவது மாதிரி, குடும்பிமலையும் அம்பாறைக்காட்டு மொட்டைப் பாறைகளும். பொந்துப்பற்றுக்கு அச்சு, யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல். மணற்பற்றுக்கு அச்சு, மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலம்.

புதிதாக ஆட்டம் நடத்துபவர்கள் பற்றைத் தெரிவுசெய்வது பெரும்பாலும் கோலத்தைப் பார்த்துத்தான். தாடி, கோடரி, மதுச்சாடி, தங்கம் குவிந்த மண்டபம் எல்லாவற்றையும் முதலில் முடிவுசெய்துவிட்டு, அதற்கேற்ற மலையைப் பிறகு தேடுவார்கள். தலைகீழான வேலை இது. ஒரு நாளில் எத்தனை விரல்கிடை தோண்டலாம், புகை எந்தப் பக்கம் போகும், சோறு எங்கிருந்து வரும் என்ற மூன்றையும் பாறைதான் தீர்மானிக்கிறது. கலியாண வயதிலிருந்து கூத்தின் தாளம்வரை மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும். ஆகவே இந்த ஒப்பீடு பாறையில் தொடங்குகிறது.

எல்லாருக்கும் பொதுவான வெக்கை

நிலத்துக்குள் கொஞ்சத் தூரம் போனதும் பகல் இரவு வேறுபாடு அழிந்து, அந்த இடத்தின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை நிலைத்துவிடும். நுவரெலியாவில் அது ஏறத்தாழ 16 பாகை. மட்டக்களப்பில் 27 அல்லது 28. ஈரப்பதன் நூறை எட்டிப் பிடிக்கும். கம்பளித்தோல் போர்த்தி நெருப்பருகே குந்தியிருக்கும் குள்ளரை இங்கே வைக்க முடியாது. இங்கே இருப்பவர்கள் வேர்வையில் தோய்ந்து, இடுப்பில் ஒரு துண்டோடு திரிபவர்கள்.

கீழே போகப் போகச் சூடு கூடும். கிலோமீற்றருக்கு 25 பாகை என்ற பொதுக்கணக்கைப் பிடித்தால் 300 மீற்றர் ஆழத்தில் 35 பாகை. ஈரம் நிறைந்த காற்றில் 35 பாகை என்றால் வேர்வை உலராது. உடம்புக்குச் சூட்டை வெளியே தள்ள வழியே இல்லை. சும்மா படுத்திருப்பவருக்கே சில மணித்தியாலத்தில் உயிர் போகும், சுத்தியல் அடிப்பவருக்கு அதற்கு முன்னரே. எனவே மூன்று பற்றுக்கும் ஒரே சட்டம்: குடியிருப்பு 100 மீற்றருக்குக் கீழே இல்லை, வேலைத்தளம் 200 மீற்றருக்குக் கீழே இல்லை. பாதாள அரண்மனை வேண்டுமென்று ஒற்றைக்காலில் நிற்பவர்கள் நாட்டை நுவரெலியா உயரத்துக்குத் தூக்க வேண்டும். அப்போது வயல் போய்விடும், தென்னை போய்விடும்.

தாடியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அநுராதபுரத்து வாயில்களில் சங்கநிதி, பதுமநிதி என்று நிற்கும் குள்ளச் சிற்பங்களைப் பாருங்கள். தொந்தியும் தலையில் சங்கும் தாமரையுமாக, தாடி இல்லாமல் நிற்கிறார்கள். உலையடியில் வேலைசெய்பவருக்கு அதுவே புத்தி.

கரும்பாறைப்பற்று

நம் பக்கத்துப் பாறை, பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய பழம்பாறை. கனமீற்றர் ஒன்று ஏறத்தாழ 2.7 தொன். மண்ணும் மரமும் கழுவப்பட்டு மொட்டையாய் நிற்கும் இந்தக் குன்றுகளின் மேற்தோல், வெங்காயம் உரிவதுபோல் வளைந்த தகடுகளாகக் கழரும். அடிவாரத்தில் தகடு பிளந்து விழுந்த இடத்தில் இயற்கையாகவே சாய்கூரை கிடைக்கும். முதற்குடியேற்றம் அங்கேதான் நடக்க வேண்டும். அம்பாறைப் பக்கத்து இராஜகலையில் பழைய பிக்குகள் செய்ததைக் குள்ளரும் செய்யட்டும்: குகைவாயின் மேல்விளிம்பில் நீளமாக ஒரு வெட்டு. பாறை வழியே வழிந்து வரும் மழைநீர் அந்த வெட்டுக்கு வந்ததும் கூரையின் அடிப்பக்கமாக உள்ளே ஊராமல் நேரே வெளியே சொட்டும். அந்த வெட்டு இல்லாத குகையில் கார்த்திகை தொடக்கம் தைவரை இருக்க முடியாது. மட்டக்களப்பின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அந்தக் காலத்தில்தான் பெய்கிறது.

தோண்டும் வேகத்துக்கு இந்த விதி போதும். சுரங்கம் நாலடி அகலம், ஐந்தடி உயரம். ஒரு முகப்பில், அதாவது தோண்டும் முனையில், இரண்டு பேர். நாளுக்கு இரண்டு அங்குலம். கல்லில் வரிசையாகத் துளை போட்டு, உலர்ந்த மரமுளையை இறுக்கி, தண்ணீர் ஊற்றி ஊதவைத்துப் பிளப்பதையும், தீமூட்டிச் சூடேற்றித் தண்ணீர் அடித்து வெடிக்கவைப்பதையும் சேர்த்தே இந்த வேகம். வருடத்துக்கு 300 வேலைநாள் என்றால் 50 அடி. ஒரு நாள் வேலையில் விழும் கல் ஏறத்தாழ 255 கிலோ, அதாவது 25 கிலோக் கூடை பத்து. அதைச் சுமக்க ஆள் வேண்டும், கொட்ட இடம் வேண்டும். உடைந்த கல் முழுக்கல்லைவிட ஒன்றரை மடங்கு இடம் பிடிக்கும் என்பதை வரைபடம் கீறும்போது எல்லாரும் மறந்துவிடுவார்கள். குள்ளர் ஊர் ஒன்றைத் தூரத்திலிருந்து அடையாளம் காட்டுவது அதன் வாசல் அல்ல, வாசலுக்குக் கீழே கிடக்கும் கற்குவியல்.

பெருமண்டபம் வேண்டுமா? 100 அடி நீளம், 60 அடி அகலம், 30 அடி உயரம் என்று வைத்தால் 1,80,000 கன அடி. இருபது முகப்பில் ஒரேநேரத்தில் வேலை நடந்தால் ஒன்பது வருடம். வெளியே வரும் கல் 13,000 தொன்னுக்கு மேல். இந்தக் கணக்கைச் சொன்னதும் ஆட்டக்காரர்கள் மண்டபத்தை மதிக்கத் தொடங்குவார்கள். அதுவரை மண்டபம் வெறும் பின்திரை.

என்ன பிழைக்கும்? முதலாவது கூரை. தகடு தகடாகக் கழரும் பாறை உள்ளேயும் அப்படித்தான் கழரும். காலையில் வேலை தொடங்குமுன் இரும்புக்கோலால் கூரையைத் தட்ட வேண்டும். மணிபோல் ஒலித்தால் கல் உறுதி, பொத்தென்று வெறுமையாய் ஒலித்தால் தகடு பிரிந்திருக்கிறது. இரண்டாவது தூசு. இந்தக் கல்லில் குவார்ட்ஸ் நிறைய இருக்கிறது, அதன் தூள் நுரையீரலில் படிந்தால் திரும்பி வராது. தண்ணீர் தெளித்தே துளையிட வேண்டும். தண்ணீர்க்காரன் வேலையைச் சிறு பையன் வேலையாக்காமல் மதிப்புள்ள பதவியாக்குங்கள். 200 வயது வாழும் இனம் என்று எழுதிவிட்டு, உலர்துளை போட்டு 40 வயதில் இருமிச் சாகும் சுரங்கக்காரரைப் படைப்பது முரண்.

மூன்றாவது காற்று. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பற்றின் நாளொழுங்கே இதிலிருந்து பிறக்கிறது.

மலையில் இரண்டு வாய் வெட்டுங்கள்: அடிவாரத்தில் கீழ்வாய், உச்சிப்பக்கம் மேல்வாய். பகலில் வெளியே 32, 33 பாகை, உள்ளே 28. உள்ளே இருப்பது குளிர்ந்த கனமான காற்று, அது கீழ்வாயால் வெளியே ஒழுகும். அதற்கு ஈடாக வெளிக்காற்று மேல்வாயால் உள்ளே இறங்கும். இரவில் வெளியே 24 பாகைக்கு இறங்கினால் எல்லாம் தலைகீழாகும். உள்ளே இருப்பது இப்போது சூடான இலேசான காற்று, அது மேல்வாயால் மேலே போக, புதுக்காற்று கீழ்வாயால் நுழையும். ஆகவே பகலில் உலை மூட்டினால் புகை மேலே போகாது, குடியிருப்புக்குள் இறங்கும். கொல்லர் வேலையும் தீமூட்டிக் கல்லுடைப்பதும் இரவில்தான். இது சம்பிரதாயம் என்று தனியாக எழுதத் தேவையில்லை. பகலில் உலை மூட்டியவன் வீட்டார் இருமியே அவனுக்குக் கற்றுக்கொடுப்பார்கள்.

காலையிலும் மாலையிலும் உள்ளும் வெளியும் ஒரே சூடாகும் ஒரு நேரம் வரும். அப்போது காற்று எந்தப் பக்கமும் அசையாது. விளக்கு மங்கும், தலை கனக்கும். அந்த இரண்டு வேளையும் ஊரே வெளியே வந்துவிடும்: சாப்பாடு, வழக்கு, சந்திப்பூசை, பேரம் எல்லாம் அப்போதுதான். சந்திப்பூசைக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

ஒற்றை வாயுள்ள குகை எப்போதும் ஆபத்து. அம்பாறைக்குத் தெற்கே, பாணமைக்கு அப்பால் மகாலேனமப் பக்கத்துக் காட்டில் நிட்டாவோ என்ற குள்ள மனிதர் இருந்ததாக வேடர் மரபில் ஒரு கதை உண்டு. ஹியூ நெவில் 1886இல் அதைப் பதிவுசெய்தார். எஞ்சியிருந்த நிட்டாவோக்களை வேடர்கள் ஒரு குகைக்குள் துரத்தி, குகைவாயில் விறகு குவித்து மூன்று நாள் எரித்தார்கள் என்று கதை முடிகிறது. குள்ளர் நாட்டுக்கு எதிரி வேண்டுமானால் வேதாளமும் பறவைநாகமும் தேவையில்லை, விறகுக்கட்டோடு வரும் நாலு பேர் போதும். கரும்பாறைப்பற்றில் இரண்டாம் வாய் வெட்டி முடிக்காத குடிக்குத் தனி ஊர் என்ற உரிமை கிடையாது என்று ஒரு சட்டம் வையுங்கள்.

இனி இரும்பு. சமனலவெவப் பகுதியில் காற்றாலேயே எரிந்த பழைய உலைகளை அகழ்ந்து ஜில் ஜூலெஃப் வெளியிட்ட ஆய்வு 1996இல் வந்தது. மேற்கு நோக்கிய மலைச்சரிவின் விளிம்பில் உலைகள் வரிசையாக இருந்தன. தென்மேற்குப் பருவக்காற்று சரிவில் ஏறி உலைக்குள் பாயும், துருத்தி தேவையில்லை. நம் பக்கத்தில் அதே பருவத்தில் வீசுவது கச்சான் காற்று. ஆகவே கரும்பாறைக் குள்ளருக்கு வருடம் இரண்டாக உடைகிறது. கச்சான் மாதங்களில் மேற்குச் சரிவில் இரும்பு. மாரியில் வெளியேயும் உள்ளேயும் சூடு கிட்டத்தட்ட ஒன்றாகிக் காற்று மந்தமாகும், விறகும் நனைந்துவிடும், அப்போது எல்லாரும் வயலில். கரிக்கணக்கைக் கடுமையாக வையுங்கள்: ஒரு கிலோ இரும்புக்கு 12 கிலோ கரி, அந்தக் கரிக்கு 70 கிலோ விறகு. ஆயிரம் பேருள்ள ஊரில் ஆளுக்கு வருடம் இரண்டு கிலோ இரும்பு என்றால் 140 தொன் விறகு. காடு எங்கே முடிகிறது என்பதை வரைபடத்தில் வருடாவருடம் அழித்துக் கீற வேண்டிவரும்.

சோற்றுக்கும் கணக்கு உண்டு. சுத்தியல் அடிக்கும் ஆளுக்கு வருடம் பத்துப் புசல் நெல் வையுங்கள். உரமும் புதுவிதையும் இல்லாத காலம் என்பதால் ஏக்கருக்கு 30 புசல் விளைச்சல், விதைக்கு இரண்டு கழிந்தால் 28. ஆயிரம் குள்ளருக்கு ஏறத்தாழ 360 ஏக்கர், பெரும்போகம் மட்டும். அவ்வளவு வயல் குன்றடியில் கிடைக்காது. சமவெளி மனிதரின் வட்டையில், அதாவது வயல்வெளியில்தான் விளைய வேண்டும். பதிலுக்குக் குள்ளர் கொடுப்பது குளத்துத் துருசு, அதாவது மதகு. கட்டின் அடியில் நீரைக் கசியாமல் கொண்டுபோகும் கல்வாய்க்காலும், அழுத்தத்தை அடக்கும் கற்கிணறும் வெட்டுவதற்கு அவர்களைவிட ஆள் இல்லை. துருசின் சாவி குள்ளரிடம், நெல் மனிதரிடம், நடுவில் வயல் நீரைப் பங்கிடும் வட்டவிதானை. மூன்று ஆட்ட அமர்வுக்கான சண்டை இந்த ஒரு வரியிலேயே இருக்கிறது.

பொந்துப்பற்று

கடதாசியில் பார்த்தால் மூன்றிலும் அழகானது இதுதான். சுண்ணக்கல் நீரில் கரையும், குகைகள் ஏற்கெனவே இருக்கும், கரும்பாறையைவிட நாலு மடங்கு வேகமாக வெட்டலாம். நிலாவரைக் கிணறுபோல் மேலே நன்னீரும் கீழே உப்புநீருமாக நிற்கும் ஆழ்குளங்கள். மேசைக்கு வந்ததும் இந்த அழகு கரைந்துவிடுகிறது.

தோண்ட வேண்டிய கட்டாயம் இல்லை என்றால் ஆட்டக்காரருக்குச் செய்ய வேலை இல்லை. குகைகள் எங்கெல்லாமோ கிளைத்துப் போவதால் இரண்டு அமர்வு வழிதேடுவதிலேயே கழியும். ஆறு இல்லை, மழை பெய்த கையோடு நிலத்துக்குள் இறங்கிவிடும். செம்மண்ணில் தண்ணீர் நிற்காததால் நெல்வயலை நம்ப முடியாது, குரக்கனும் கிணற்றுத் தோட்டமும்தான். இரும்புக்கல் இல்லை. கைமுதல் என்று சொல்ல இருப்பது சுண்ணாம்பு ஒன்றே.

அந்தச் சுண்ணாம்பில் நல்லதொரு ஆபத்து இருக்கிறது. 900 பாகை அளவில் சுட்டால் 100 கிலோக் கல்லில் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும், மீதி 44 கிலோ கரியமிலவாயுவாகப் போகும். அது காற்றைவிடக் கனமானது, சூளை ஆறியதும் பள்ளங்களில் தேங்கும். நாலடி உயரமுள்ளவரின் மூக்குக்கு அது முதலில் எட்டும். சூளைக்காரர் குந்தாமல் நின்றே வேலைசெய்வதும், பள்ளத்தில் இறங்குமுன் கயிற்றில் விளக்கை இறக்கிப் பார்ப்பதும் இந்தப் பற்றின் ஒழுக்கம். விளக்கு அணைந்தால் இறங்கக் கூடாது. விளக்கு எரிந்தால் முழுப் பாதுகாப்பு என்று அர்த்தமும் இல்லை, கரியமிலவாயு தலைசுற்ற வைக்கும் அளவிலும் சுடர் எரிந்துகொண்டிருக்கும்.

இன்னொன்று: தண்ணீரில் மிதந்து தாங்கப்பட்ட கூரை, நீர்மட்டம் இறங்கினால் தாங்கலை இழக்கும். கோடையில் தோட்டத்துக்கு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடுத்த தெருவில் வீடு உள்ளே போகும். இதைக் கதையாக்கத் தெரிந்த நடத்துநருக்குப் பொந்துப்பற்று நன்றாகவே வேலைசெய்யும். மற்றவர்கள் இதை இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

மணற்பற்று

தோண்ட முடியாத குள்ளர் என்பதுதான் இந்தப் பற்றின் வசீகரம். மணலில் பள்ளம் வெட்டினால் 30 பாகை சொச்சச் சரிவில் சரிந்துவிடும். நீர்மட்டத்துக்குக் கீழே மணல் குழம்பாகி அடியிலிருந்து பொங்கும். கிணறு மட்டுமே சாத்தியம், அதுவும் கொட்டு இறக்கித்தான்: வளையத்தை நிலத்தில் வைத்து, உள்ளே இருந்து மணலை அள்ள அள்ள அது தன் பாரத்தில் இறங்கும், மேலே அடுத்த வளையத்தை ஏற்ற வேண்டும். சுற்றிவரச் சமமாக அள்ளாவிட்டால் கொட்டு சாயும். சாய்ந்ததை நிமிர்த்துவது புதிதாய் ஒன்று இறக்குவதைவிடக் கடினம்.

எவ்வளவு ஆழம் போகலாம்? நன்னீர் உப்புநீரின்மேல் வில்லைபோல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால் கீழே 40 அடி நன்னீர் இருக்கும். மேலே ஓரடி இறைத்துக் குறைத்தால் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறிவரும், உடனே இல்லாவிட்டாலும் காலப்போக்கில். ஆகவே மணற்பற்றில் மிகப் பெரிய குற்றம் களவோ கொலையோ அல்ல, ஆழக்கிணறு. கிணற்றடியில் ஒரு முடிச்சுக்கயிறு தொங்கும், முடிச்சுக்குக் கீழே வாளி போகக் கூடாது. தோண்டும் கையை அடக்கிக்கொள்வதே மானம் என்று வாழும் குள்ளரைக் கரும்பாறையார் எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசித்தால் ஏளனமும் பயமும் தானாக எழுதப்படும்.

வீடு நிலத்துக்கு மேலே: கிளிஞ்சலும் களிமண்ணும் குழைத்த மேட்டுவீடு. சாப்பாடு வாவியில்: மீன், இறால், நண்டு. விறகுக்குக் கண்டல், ஆனால் அதை வெட்டினால் கரை அரிக்கும், இறால்குஞ்சு ஒதுங்க இடமில்லாமல் போகும். இரும்பு ஒரு துண்டுகூட இல்லை.

அரசியல் மட்டும் மூன்று பற்றிலும் இங்கேதான் கொழுப்பு. நம் வாவிக்குக் கடல்பக்கம் எழுவான்கரை, உள்நிலப்பக்கம் படுவான்கரை இருப்பதுபோல் மணற்பற்றுக்கும் இரண்டு கரை. கோடையில் வாவிமுகத்தை மணல்திட்டு அடைத்துவிடும். மாரி வெள்ளம் ஏறும்போது உட்கரை வயற்காரருக்கு முகத்தை உடனே வெட்ட வேண்டும், இல்லையேல் பயிர் மூழ்கும். மீன்பிடிப்பவருக்கு அவசரப்பட்டு வெட்டினால் இறால் வெள்ளத்தோடு கடலுக்குப் போகும். ஒரு நாள் முந்தினாலும் ஒரு பக்கம் அழும், ஒரு நாள் பிந்தினாலும் மறுபக்கம் அழும். மண்வெட்டியை எடுக்கும் உரிமை யாருக்கு? சிம்மாசனப் போட்டியைவிட இது சூடாகப் போகும்.

புயலையும் கடலையும் பற்றி ஒரு எச்சரிக்கை. 1978 நவம்பர் 23 புயலும் 2004 டிசம்பர் 26 சுனாமியும் போன கரை இது. கடல் ஊரை மூடுவதைப் பகடை எறிந்து தீர்மானிக்கும் அட்டவணையில் போடுமுன், மேசையில் இருப்பவர்களிடம் கேளுங்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் அந்த வரியை வெட்டிவிடுங்கள். வாவிமுகச் சண்டையே போதும்.

யார் வீடு, யார் முகப்பு

குள்ளர் சமூகத்துக்கு வழமையான அச்சு ஐரோப்பியக் கைவினைச் சங்கம்: தகப்பனிடமிருந்து மகனுக்குப் பட்டறை. கிழக்கில் அதைவிட நல்ல அச்சு கையில் இருக்கிறது. தாய்வழிக் குடி, மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையிலும் தமிழரிடமும் சோனகரிடமும் இருப்பது. பிள்ளைக்குத் தாயின் குடி. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார்.

இதைச் சுரங்கத்தில் வைத்துப் பாருங்கள். முகப்பு மகளுக்கு. கொல்லனின் கைரகசியம் மகனுக்குப் போகாது, ஏனென்றால் மகன் வேறு குடி. அது சகோதரியின் மகனுக்கு, அதாவது மருமகனுக்கு. தாய்மாமன் மருமகனுக்குக் கற்றுக்கொடுக்க, தகப்பன் பார்த்துக்கொண்டிருக்கும் உலைக்களம் தந்தை மகன் நாடகத்தைவிடப் புதிது.

பாறை இங்கேயும் உள்ளே வருகிறது. ஒவ்வொரு மகளுக்கும் ஓர் அறை வேண்டும். 12 அடிக்கு 10 அடி, 8 அடி உயரம்: 960 கன அடி. கரும்பாறையில் ஒரு முகப்பு வேகத்தில் 288 வேலைநாள், கிட்டத்தட்ட ஒரு வருடம். ஊர்வேலை போக மிஞ்சும் நாட்களில்தான் சொந்த அறை தோண்டலாம் என்பதால், மகள் பிறந்த அன்றே முதல் துளை போட வேண்டும். மூன்று பெண்பிள்ளை உள்ள வீட்டில் தகப்பனும் மாமனும் கிழவராகும்வரை தோண்டுவார்கள், கலியாணம் பிந்தும். பொந்துப்பற்றில் அதே அறை 72 நாள். மணற்பற்றில் உறவினர் கூடினால் மூன்று கிழமையில் மேட்டுவீடு எழும்பிவிடும், இளவயதுக் கலியாணம் சாதாரணம். கரும்பாறையிலிருந்து காதலித்து மணலுக்கு ஓடிப்போகும் சோடிகள் எந்தக் கதையிலும் வருவார்கள்.

குடிகளின் வரிசை கோயிலில் தெரியும். கொக்கட்டிச்சோலை, மண்டூர், திருக்கோவில்போன்ற பெருங்கோயில்களில் குடிகளுக்கென்று உரிமைகளும் மரியாதைகளும் உண்டு. அதைக் குள்ளர் நாட்டில் முதல் இரும்புக்கு மாற்றுங்கள். கச்சான் காலத்து முதல் உலை இறங்கியதும் குடிப்பெயர்களை வரிசையாகக் கூப்பிட்டு ஆளுக்கொரு துண்டு. நிறுத்துக் கொடுப்பவர், கோயில் நிருவாகத்தைப் பார்ப்பவரைப்போல், வண்ணக்கர். ஒரு பெயர் முன்னே பின்னே ஆனால் உலைக்களமே இரண்டாகும். நடத்துநர் செய்யக் கூடாதது, குடிகளுக்குள் நல்ல குடி, கெட்ட குடி என்று பிரிப்பது. உண்மையான குடிப்பெயர்களை எடுத்துப் பாவிப்பதும் வேண்டாம், தாமாகப் பெயர் கட்டிக்கொள்ளுங்கள்.

மதுவும் கூத்தும், சுருக்கமாக

நிலவறையில் வருடக்கணக்கில் ஊறும் மது இங்கே பொருந்தாது. கள்ளு இறக்கிய நேரத்திலிருந்தே நுரைக்கத் தொடங்கும், 28 பாகையில் அடுத்த நாள் புளிக்கும், பிறகு காடி. தென்னை அரைநாள் நடைக்குள் இருக்கும் மணற்பற்றுக்குக் கள்ளு உண்டு. கரும்பாறைக்கு வடித்த சாராயம்தான் வந்துசேரும், அதுவும் இரும்பு கொடுத்து வாங்குவது. எருமைத்தயிர் சட்டியோடு இரண்டு நாள் தாங்கும், கரும்பாறையாரின் விருந்தில் அதுவே தலைமை.

கூத்தில் பாறையின் கை இன்னும் தெளிவு. மேலே சொன்ன பெருமண்டபத்தில் ஆள் இல்லாதபோது ஒலி அடங்க 20 செக்கன்வரை பிடிக்கும். முந்நூறு பேர் நிறைந்தாலும் ஐந்து செக்கன். வடமோடிக் கூத்தின் வேகத் தாளக்கட்டு அங்கே ஒன்றோடொன்று குழம்பிப் பேரிரைச்சலாகும். இழுத்துப் பாடும் பாட்டே உள்ளே நிற்கும். வேக ஆட்டத்துக்குக் கற்குவியலின் மேல்தளத்தில் வட்டக்களரி போடுங்கள், காற்று நிற்கும் மாலைப்பொழுதில் ஊர் எப்படியும் வெளியேதான் இருக்கும். கொம்புமுறி மூன்று பற்றுக்கும் பொருந்தும்: ஊர் வடசேரி, தென்சேரி என்று பிரிந்து, வளைந்த கொம்புகளைக் கொளுவி, ஒன்று முறியும்வரை இழுப்பது. குட்டையான உடம்பும் தாழ்ந்த நிலையும் உள்ள இனத்துக்கு இதைவிட ஏற்ற விளையாட்டு கிடையாது.

எதை எடுப்பது

முதல் ஆட்டத்துக்குக் கரும்பாறைப்பற்று. காலையில் கூரை தட்டுவது, பகலில் கல் சுமப்பது, மாலையில் வெளியே வருவது, இரவில் உலை என்று ஒவ்வொரு வேளைக்கும் வேலை இருக்கிறது, ஆட்டக்காரர் வெறுங்கையோடு முழிக்கமாட்டார்கள். பேச்சும் பேரமும் சூழ்ச்சியும் பிடித்த குழு என்றால் நேரே மணற்பற்று, வாவி நிறையும் மார்கழியில் தொடங்குங்கள். மூன்று பேருக்குக் குறைவான குழுவுக்கு அது வேண்டாம், இரண்டு கரைக்கும் ஆள் காணாது. பொந்துப்பற்றை வரைபடத்தில் வெறும் கோடாக விட்டுவிடலாம். சுண்ணாம்பு வாங்கப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

தொடங்குமுன் ஒரு கொப்பியில் மூன்று பற்றின் பண்டமாற்று விலையையும் எழுதி வையுங்கள். அளவு நெல்லில்: கரும்பாறையில் ஒரு கிலோ இரும்பு இரண்டு புசல், மணலில் ஆறு, பொந்தில் ஐந்து. மணலில் ஒரு கூடை கருவாடு கால் புசல், கரும்பாறையில் ஒன்று. சுண்ணாம்பு மூட்டை பொந்தில் கால், மற்ற இரண்டிலும் முக்கால். கரும்பாறையார் கள்ளு கேட்டால் விலை சொல்ல வேண்டாம், வந்துசேரும்போது அது காடியாகியிருக்கும். விலைகளை எழுதியபின் மாரி வந்தால் மட்டும் மாற்றுங்கள், காரணத்தையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டக்காரரில் ஒருவராவது கருவாட்டு வியாபாரத்தில் இறங்குவார், அவர் உங்களிடம் கணக்குக் கேட்பார்.